அத்தை வளர்ந்த உயரம்

எங்கள் அத்தையை ஹோட்டலில் ‘எக்ஸ்பிரஸ் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். வேலை சலவைக் கூடத்தில், ரோலருக்குப் பின்பக்கம். முன்பக்கம் நிற்கிற இரண்டு பேர் ஈரப் படுக்கைவிரிப்பைச் சூடான உருளைக்குள் கொடுப்பார்கள். அது மறுபக்கம் ஆவி பறக்க வெளியே வரும்போது அத்தையும் இன்னொருத்தியும் ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, உதறி, நாலாக மடித்து, அடுக்கில் போட்டுத் திரும்புவதற்குள் அடுத்த விரிப்பு நாக்கை நீட்டிக்கொண்டு நிற்கும். ரோலர் யாருக்காகவும் காத்திருக்காது. இருபத்தோரு வருஷம் அதன் வேகத்துக்குக் கையும் காலும் ஆடி ஆடி, அத்தைக்குச் சாப்பாடு, குளியல், கோபம் எல்லாமே அந்த வேகத்தில்தான். அவள் திட்டி முடித்து அடுத்த வேலைக்குப் போன பிறகுதான் திட்டு வாங்கியவருக்கு வலிக்க ஆரம்பிக்கும். ஏன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்று கேட்டால், “எவனும் என் வேகத்துக்கு ஈடு குடுக்கல” என்பாள்.

இரண்டு வருஷத்துக்கு முன் அவளுடைய வலது முழங்கால் மக்கர் பண்ணத் தொடங்கியது. “இனிமே பாசஞ்சர்னு மாத்துங்கடி” என்று அவளே சொல்லிப் பார்த்தாள். பேர் மாறவில்லை. ரோலரும் மாறவில்லை.

அத்தைக்கு ஐந்து வயது இளையவர் என் அப்பா. லாரி ஓட்டுகிறார். வருஷத்துக்கு மூன்று தடவை வீட்டுக்கு விருந்தாளியாக வந்து, பத்து நாள் தூங்கி, ஊர் உலகத்துக் கதையெல்லாம் சொல்லிவிட்டுப் போவார். அம்மா இல்லை. ஆக என்னை வளர்த்தது அத்தை. ஒன்பதாம் வகுப்பில் பள்ளிக்கூடம் என்னைக் கைகழுவிய அன்று, “‘விட்டது சனி’ன்னு பள்ளிக்கூடம்தான் சொல்லியிருக்கும்” என்று மட்டும் சொல்லிவிட்டு, அத்தை வேலைக்குப் போய்விட்டாள்.

அத்தையிடம் ஒரு விசேஷம் உண்டு. அவள் பிறந்த வீட்டைப் பார்க்க டிக்கெட் வாங்க வேண்டும்.

எங்கள் ஊர் மலைமேல் இரண்டாயிரம் வருஷத்துக் கல் நகரம் ஒன்று இடிந்து கிடக்கிறது. எந்தெந்த நாட்டிலிருந்தோ வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். அவர்கள் படுக்கிற விரிப்பைத்தான் அத்தை மடிக்கிறாள். அந்தக் கல் அறைகளில் ஒரு காலத்தில் நாற்பத்தோரு குடும்பங்கள் குடியிருந்தன. கட்டிய ராஜா போய்விட்டான், காலியாகக் கிடந்தது, வீடில்லாத ஜனம் ஏறிவிட்டது, அவ்வளவுதான் கதை. மூன்று தலைமுறை அங்கேயே சமைத்து, அங்கேயே சண்டை போட்டது. அத்தைக்குப் பதினொரு வயதாக இருக்கும்போது லாரிகள் வந்து எல்லோரையும் ஏற்றி, அடிவாரத்தில் வரிசை வரிசையாகத் தகர வீடு போட்ட இடத்தில் இறக்கிவிட்டன. நான் பிறந்தது அந்தத் தகரத்தின் கீழ்தான்.

அதற்காக மேலே இருந்தது சொர்க்கம் என்று அத்தை ஒருநாளும் சொன்னதில்லை. “மழை பேஞ்சா வீட்டுக்குள்ள குடை புடிக்கணும். சட்டிய எடுத்தா தேள், பாயை எடுத்தா பூரான். ராஜா எதுக்கு ஓடிப்போனான்னு நெனைக்கிற? பூரான் தொல்லை தாங்காமத்தான்.” முப்பத்தைந்து வருஷமாக அவள் மேலே போனதே இல்லை. போக ஆசைப்பட்டதும் இல்லை.

லாரி வந்த அன்றைக்குக் குடும்பத்துக்கு ஒரு சீட்டு கொடுத்தார்களாம், இன்னார் இன்ன அறையில் குடியிருந்தார் என்று. தாத்தா ரோட்டுக்குக் கல் உடைக்கிறவர். கையில் எப்போதும் உளி, மூக்குக்கு மேலே எப்போதும் கோபம். “நான் இருந்த வீட்டுக்கு நீ யாருடா சீட்டுக் குடுக்க” என்று கேட்டு, அதிகாரியின் முகத்துக்கு நேரே சீட்டை எட்டாகக் கிழித்து ஊதிவிட்டார். எல்லோரும் கை தட்டினார்களாம். மற்ற நாற்பது குடும்பமும் கை தட்டிவிட்டு, தங்கள் சீட்டைப் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டது.

அந்தக் கைத்தட்டலுக்கு இந்த வருஷம் ஒரு நோட்டீஸாகப் பதில் வந்தது. மலைக்கு ஆள் ஏற்றிப் போகும் ஷட்டில் பஸ்களை நிறுத்த இடம் போதவில்லையாம். எங்கள் தகர வீடுகளை எடுக்கப் போகிறார்கள். மேலேயிருந்து இறக்கப்பட்ட குடும்பம் என்று காட்டினால் மாடிக் கட்டடத்தில் வீடு. காட்டாவிட்டால், வீட்டைக் காலி செய்ய ஒரு மாதம்.

குடியிருப்பு அலுவலகத்தில் முத்திரை அடிக்கிறவர் முன்னால் அத்தை நின்றாள். நான் பக்கத்தில் நின்று அவர் மேசையிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக அவருடைய மைப்பஞ்சில் குத்திக்கொண்டிருந்தேன்.

“சீட்டு எங்கம்மா?”

“எங்கப்பா கிழிச்சுட்டாரு சார்.”

“ஏன்?”

“கோவம்.”

“கோவத்துக்குன்னு எங்ககிட்ட தனி ஃபாரம் கிடையாதும்மா.”

“தெருவே சாட்சி சொல்லும் சார். எல்லாரும் ஒண்ணா லாரியில வந்தவங்க.”

“சாட்சியெல்லாம் வேணாம்மா. போன வாரம் ஒருத்தர் ஒரு தெருவையே கூட்டிட்டு வந்தாரு, ராஜாவோட குளியலறையில குடியிருந்தேன்னு. விசாரிச்சா அவர் இந்த ஊருக்கு வந்தே ஆறு வருஷம்தான் ஆச்சு. நீங்க அங்க இருந்ததுக்குத் தடயம் ஏதாவது இருக்கா? இருந்தா, மேல இருக்கிற தொல்லியல் பாதுகாப்பு அலுவலர்கிட்ட காட்டி ஒரு கடிதம் வாங்கிட்டு வாங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும்தான் டைம்.”

அன்றைக்குத் திங்கட்கிழமை. வீட்டுக்கு வருகிற வழியில் அத்தை ஒரே ஒரு தடவைதான் வாயைத் திறந்தாள். “நிலைக்கல்லுல அப்பா வெட்டினது இருக்கும். கல்லு எங்க போயிடப் போகுது?”

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி, புதன்கிழமை ஹோட்டலில் அறை துடைக்கிறவள் இரண்டு ஷட்டில் பாஸ்களைக் கொண்டுவந்து கொடுத்தாள். யாரோ விருந்தாளி தலையணைக்கு அடியில் விட்டுவிட்டுப் போயிருந்தார். மறுநாள் தேதி போட்டது. “குப்பைக்குப் போறதுக்கு உங்களுக்குப் போகட்டும் எக்ஸ்பிரஸ் அக்கா” என்றாளாம். பாஸில் அழகாக அச்சடித்திருந்தது: ‘நாள் முழுவதும் ஏறலாம், இறங்கலாம். அவசரம் வேண்டாம். உங்கள் நடையில் பாருங்கள்.’

அத்தைக்குப் பகல் இரண்டு மணி வரைதான் லீவு.

வியாழக்கிழமை காலை எட்டரை ஷட்டிலில் ஏறினோம். எனக்குக் கால் வலிக்கும் என்று ஒரு மடக்கு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போனேன். டிரைவர் கண்ணாடியில் பார்த்து, “எந்த ஸ்டாப்புமா? குளமா, மேல்வீதியா, உச்சியா?” என்றார்.

“எங்க அத்தை வீட்டுல நிறுத்துங்க” என்றேன்.

“உங்க அத்தை என்ன மகாராணியா?”

“அந்த வேலை போயிடுச்சு. இப்ப ஹோட்டல்ல துணி மடிக்கிறாங்க.”

டிரைவர் சிரித்தார். அத்தை என் தொடையைக் கிள்ளினாள். “மேல்வீதிங்க. இந்த வாலு சொல்றதக் காதுல போட்டுக்காதீங்க.”

வெளியூர்க்காரர்கள் படம் பிடிக்க வேண்டும் என்று பஸ் வளைவுக்கு வளைவு நின்று நின்று ஏறியது. ஒலிபெருக்கியில் தேன் ஒழுகும் குரல் ஒன்று, நிதானமாக ரசியுங்கள், இந்த வண்டியை விட்டால் இருபது நிமிடத்தில் அடுத்த வண்டி என்று சொல்லிக்கொண்டேயிருந்தது. அத்தையின் வலது கால் இல்லாத ஆக்ஸிலேட்டரை மிதித்தது. “ஒரு படம் எடுக்க இவ்வளவு நேரமா? அதுக்குள்ள நான் பத்து ஷீட்டு மடிப்பேன்” என்று முணுமுணுத்தாள்.

மேல்வீதியில் இறங்கியதும் மற்றவர்கள் எல்லாம் கையில் வரைபடத்தைப் பிரித்து, எந்தப் பக்கம் வடக்கு என்று சுற்றிச் சுற்றி நின்றார்கள். அத்தை யாரையும் பார்க்காமல் கிளம்பிவிட்டாள். முழங்காலை ஒரு பக்கமாக வீசி வீசி அவள் நடக்கிற நடைக்கு நான் ஓட வேண்டியிருந்தது. மெல்லப் போ என்றால் கேட்கிற ஜென்மம் இல்லை. அதனால் நான்தான் அங்கங்கே நின்று, “ஐயோ கால் வலிக்குதே” என்று கத்தி ஸ்டூலை விரித்தேன். விரித்தது வீணாகப் போகிறதே என்று அத்தை உட்கார்ந்தாள். இப்படி நாலு தடவை.

வேலி கட்டிய இடத்தில் கயிற்றைத் தூக்கிக் குனிந்து போனாள். எங்கிருந்தோ விசில் சத்தம் வந்தது. “அது அந்தக் காலத்துலேருந்தே அப்படித்தான் ஊதுவாங்க” என்றாள். இரண்டு சந்து தாண்டி, மூன்று படி இறங்கி, ஒரு வாசல் முன்னால் நின்றாள். நின்ற பிறகுதான் அவளுக்கு மூச்சு வாங்கியது.

வாசல் என்றால் கதவெல்லாம் கிடையாது. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு நிலைக்கல், மேலே ஒரு குறுக்குக் கல், முன்னால் யாரும் தொடாமலிருக்க ஒரு கயிறு. உள்ளே ஒரே ஓர் அறை, எங்கள் தகர வீட்டில் பாதி. சுவரெல்லாம் பளிச்சென்று இருந்தது. “புகையைக் காணோம்” என்றாள் அத்தை. “மூணு தலைமுறைக் கரி. சுரண்டினா ஒரு இஞ்சு வரும். மருந்து போட்டுக் கழுவிட்டானுங்க.” பிறகு இடது நிலைக்கல்லைப் பார்த்தாள். இடுப்பு உயரத்திலிருந்து கழுத்து உயரம் வரை ஒன்றன் மேல் ஒன்றாக ஒன்பது வெட்டு. வலது கல்லில் நாலு.

“இருக்கு” என்றாள்.

தாத்தா வருஷா வருஷம் இரண்டு பிள்ளைகளையும் கல்லோடு ஒட்டி நிறுத்தி, தலைமேல் உள்ளங்கையை வைத்து, அந்த அளவுக்கு உளியால் வெட்டுவாராம். மூன்று வயதிலிருந்து ஆரம்பம். இடது கல் அத்தைக்கு, வலது கல் அப்பாவுக்கு. அப்பாவுக்கு ஆறு வயதில் லாரி வந்துவிட்டது, நாலோடு நின்றுபோயிற்று. அத்தை கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று ஒவ்வொன்றாகக் காட்டினாள். “இது மூணு வயசு, கீழே இருக்கிறது. இது நாலு. இதுக்கும் இதுக்கும் நடுவுல பாரு, ஒரு விரற்கடைகூட இல்ல. அந்த வருஷம் ரோட்டு வேலை நின்னுபோச்சு. சோறு இருந்தாத்தானே வளர்றதுக்கு? அப்பா உளிய வெச்சுப் பாத்துட்டு ரொம்ப நேரம் வெட்டாம நின்னாரு.”

பக்கத்தில் பெரிய பலகை இருந்தது. அத்தைக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க நேரமாகும் என்பதால் நான் படித்தேன். எனக்கும் நேரம்தான் ஆயிற்று. “காலக்கணிப்பு அறை. இங்குள்ள பதின்மூன்று வெட்டுக்குறிகள், இருபத்தெட்டு நாள் கொண்ட பதின்மூன்று சந்திர மாதங்களைக் குறிப்பவை. இடப்புறம் ஒன்பது, வறண்ட மாதங்கள். வலப்புறம் நான்கு, மழை மாதங்கள். இது உலகின் மிகத் தொன்மையான கல் நாட்காட்டிகளுள் ஒன்று.”

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். சிரிப்பை அடக்கினால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. அத்தை கயிற்றுக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “எங்கப்பா உளிக்கு வந்த வாழ்வப் பாருடி. நான் வறண்ட மாசமாம். உங்கப்பன் மழையாம். அவன் வந்தா வீடு நாறும், மழையாம்.”

எனக்கும் நம்பிக்கை வந்துவிட்டது. தடயம் கேட்டார்கள். தடயத்துக்குப் பலகையே வைத்திருக்கிறார்கள். இதைவிட என்ன வேண்டும்?

பதினோரு மணிக்குப் பாதுகாப்பு அலுவலரே பத்திருபது பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை இந்த அறைக்கு மட்டும் அவரே வந்து விளக்கம் சொல்வாராம். மெலிந்த மனிதர். சட்டைப் பையில் மூன்று பேனா. பேசும்போது அந்த வெட்டுகளைத் தொடாமல், ஒரு விரல் தள்ளியே காட்டினார். தூங்குகிற குழந்தையைக் காட்டுகிற மாதிரி.

“இந்த இடைவெளியைக் கவனிங்க. மத்ததைவிட ரொம்பச் சின்னது. ஏன்? அது குறை மாசம். வானத்தை அவ்வளவு துல்லியமா கவனிச்சிருக்காங்க.”

“அது சோறு இல்லாத வருஷம் சார்” என்றாள் அத்தை.

எல்லோரும் திரும்பினார்கள். அத்தை கயிற்றைத் தூக்கி உள்ளே போய், செருப்பைக் கழற்றிவிட்டு, இடது கல்லில் முதுகை ஒட்டி நின்றாள். மேல் வெட்டு அவளுடைய தாடைக்கு நேரே வந்தது. “பதினோரு வயசுல இவ்வளவு. அதுக்கப்புறம் தாடையிலேருந்து உச்சந்தலை வரைக்கும்தான் கீழே வந்து வளந்தேன். இது நான்தாங்க. அது என் தம்பி.”

கூட்டம் சிரித்தது. ஒருத்தர் படம்கூட எடுத்தார். அலுவலர் சிரிக்கவில்லை. அவர் கண் ஒன்பது வெட்டையும் கீழேயிருந்து மேலே ஒரு தடவை ஏறியது. பிறகு வலது பக்கம் நாலையும் ஏறியது. பிள்ளை வைத்திருக்கிற எவனுக்கும் அதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை.

“அம்மா, கொஞ்சம் ஆபீசுக்கு வாங்க” என்றார் மெல்ல.

அலுவலகம் என்பது இரும்பு அலமாரி இரண்டு, சத்தம் போடும் விசிறி ஒன்று. மூலையில் கட்டுக் கட்டாக ஒரே புத்தகம், அட்டையில் எங்கள் நிலைக்கல். அவர் எழுதியது. அதில் ஒன்று மேசைக் கால் ஆடாமல் இருக்கக் கீழே கிடந்தது. அத்தை விஷயத்தைச் சொல்லி முடித்தாள். வழக்கம்போல அரை நிமிடத்தில்.

“உங்கப்பா எதுல வெட்டினாரு?”

“உளியில சார். கை அவ்வளவு சுத்தம். இன்னிக்கும் பாருங்க, ஓரம் பிசிறு இல்ல.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நீங்க சொல்றதை நான் நம்புறேன்னே வெச்சுக்குங்க. அப்படி எழுதினா என்னாகும் தெரியுமா? பாதுகாக்கப்பட்ட இடத்துல உளி வெச்சது குத்தம். உங்க நோட்டீஸ்ல பதினோராவது விதியைப் படிச்சுப் பாருங்க. சேதப்படுத்தின குடும்பத்துக்கு வீடு கிடையாது.”

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது.

“அப்ப அந்த வெட்டு இல்லாம எழுதுங்க சார். சும்மா இங்க இருந்தாங்கன்னு.”

“எதை வெச்சு எழுதறது? வேற என்ன தடயம் இருக்கு?”

“கரி இருந்துச்சு. நீங்கதான் கழுவிட்டீங்க.”

நான் மேசைக் காலுக்குக் கீழே இருந்த புத்தகத்தைக் கால் விரலால் மெல்ல நகர்த்திக்கொண்டிருந்தேன். மேசை ஆடியது. அவர் கவனிக்கவில்லை.

“எட்டு வருஷம்மா” என்றார். “எட்டு வருஷமா இதைத்தான் ஆராய்ச்சி பண்றேன். இதுக்காகத்தான் ஷட்டிலே விட்டாங்க.” பிறகு ஒரு தாளை எடுத்து எழுத ஆரம்பித்தார். அடித்தார், எழுதினார், மறுபடி அடித்தார். கடைசியில் சுத்தமாக ஒரு பிரதி எடுத்து எங்கள் பக்கம் திருப்பினார். “இது ரெண்டு பேருக்கும் நல்லது.”

நான் படித்தேன். இன்னார் இந்த அறையில் பிறந்து பதினொரு வயது வரை குடியிருந்தவர். அறையின் அமைப்பை அவர் விவரித்ததிலிருந்து இது உறுதியாகிறது. நிலைக்கல்லில் உள்ள வெட்டுக்குறிகள் தம் குடும்பம் குடியேறும் முன்பே அங்கு இருந்தன என்றும், அவை மிகப் பழமையானவை என்று தம் முன்னோர் சொல்லக் கேட்டதாகவும் அவர் தெரிவிக்கிறார்.

“கடைசி வரிய மறுபடி படி” என்றாள் அத்தை. படித்தேன்.

“அப்ப அந்தக் கோடு யாரோடது சார்?”

“வரலாற்றோடதும்மா.”

“வரலாறு எங்க வீட்டுல எந்த மூலையில படுத்திருந்துச்சு? நாங்க நாலு பேர் காலை நீட்டவே இடமில்ல.”

அவர் பையிலிருந்த மூன்று பேனாவில் நல்லதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து மேசைமேல் வைத்தார். கெட்ட மனுஷன் என்று சொல்லிவிட்டால் எனக்கும் சுலபமாக இருக்கும். ஆனால் அவர் அடித்து அடித்து எழுதியதை நான் பார்த்திருந்தேன்.

“அத்தை, வேணாம்” என்றேன். “வேற எதாவது யோசிக்கலாம்.”

“யோசிச்சு? வெள்ளிக்கிழமை நாளைக்கு. தகரத்தைப் பிரிச்சதுக்கப்புறம் உன்னை எந்தக் கல்லுல சாய்ச்சு வெக்கிறது?”

கையெழுத்துப் போட அத்தைக்கு எப்போதும் இரண்டு நொடி. அன்றைக்குப் பேனாவை வைத்த இடத்திலிருந்து எடுக்காமல் ஒவ்வொரு எழுத்தாக, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி எழுதினாள். அவள் ஒரு வேலையை மெதுவாகச் செய்வதை முதல் தடவையாகப் பார்த்தேன். போட்டு முடித்ததும் தாளை நாலாக மடித்து, ஓரம் சரி பார்த்து, பைக்குள் வைத்தாள்.

திரும்பும்போது அந்த வாசலைத் தாண்டித்தான் வர வேண்டியிருந்தது. ஒரு சின்னப் பெண் கயிற்றுக்கு அடியில் நுழைந்து இடது கல்லில் போய் ஒட்டி நின்று, “அம்மா, நான் நாலாவது கோடு!” என்று கத்தினாள். அவள் அம்மா ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்தாள். “தொடாதே. அது ரெண்டாயிரம் வருஷம்.” பிறகு எங்களைப் பார்த்து மன்னிப்பு கேட்கிற மாதிரி சிரித்தாள், நாங்கள் ஏதோ அந்த இடத்துக் காவல்காரர்கள் மாதிரி.

பன்னிரண்டே முக்கால் ஷட்டிலில் இறங்கினோம். நான் ஸ்டூலை மடியில் வைத்துக்கொண்டு, டிரைவரைக் கிண்டல் செய்ய எதுவும் தோன்றாமல் உட்கார்ந்திருந்தேன். அத்தை ஹோட்டல் வாசலில் இறங்கி நேரே ரோலருக்குப் போய்விட்டாள்.

மறுநாள் முத்திரை அடிக்கிறவர் கடிதத்தைப் படித்துவிட்டு, “பாத்தீங்களா, நேர்மையா போனா எல்லாம் நடக்கும்” என்று சொல்லி முத்திரை அடித்தார். அவருடைய மைப்பஞ்சில் இன்னும் குண்டூசிகள் இருந்தன. நாலாவது மாடி. லிஃப்ட் வருமாம், பிற்பாடு. மற்ற நாற்பது குடும்பத்தில் வயசானவர்கள் எல்லாம் கீழ்த்தளத்துக்கு முந்திக்கொண்டுவிட்டார்கள். அத்தை படி ஏறுவதற்கு ரோலர் வேகம் உதவாது. ஒரு மாடிக்கு ஒரு தடவை நின்று ஜன்னலைப் பார்க்கிற மாதிரி பாவனை செய்வாள். நானும் ஜன்னலைப் பார்ப்பேன்.

இரண்டு மாதம் கழித்து ஏதோ விருந்தாளியின் குளியல் அங்கிப் பையில் ஷட்டில்காரர்களின் புதுத் துண்டுப் பிரசுரம் ஒன்று சலவைக்கு வந்தது. முன்பக்கம் எங்கள் நிலைக்கல். அடியில் புதிதாக ஒரு வரி சேர்த்திருந்தார்கள்: ‘இங்கு முன்னர் குடியிருந்தோரும் இக்குறிகளின் தொன்மையை உறுதி செய்துள்ளனர்.’ அத்தை அதை ஈரத்தோடு வீட்டுக்குக் கொண்டுவந்து என்னைப் படிக்கச் சொன்னாள். படித்தேன். பிறகு அது எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

அப்பா அடுத்த தடவை வந்தபோது நேரே நாலாவது மாடிக்கு வந்தார். ஒரு பகல் முழுக்கக் குழாயைத் திறந்து மூடி, ஜன்னலைத் திறந்து மூடி, “அக்கா, நீ பலே ஆளு, எப்படி வாங்கின?” என்று கேட்டுக்கொண்டேயிருந்தார். மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது திடீரென்று கையை நிறுத்தினார்.

“மேல போனியாமே. இவ சொன்னா. நம்ம வாசல் கல்லுல அப்பா என்னை நிக்க வெச்சு டொக் டொக்குன்னு வெட்டுவாரே, அது இருக்கா?”

மேலே வாழ்ந்ததில் அப்பாவுக்கு அது ஒன்றுதான் நினைவிருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் தெரியும். தலைமேல் ஒரு உள்ளங்கை, காதுக்குப் பக்கத்தில் உளிச் சத்தம்.

அத்தை சோற்றுப் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் வாய் லாரி ஹார்ன் மாதிரி. வழியில் இருக்கிற டீக்கடை ஒவ்வொன்றிலும் நிறுத்திச் சொல்வார், பாஸ் வாங்கிக்கொண்டு மேலே போவார், கல்லோடு ஒட்டி நின்று படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்புவார். முத்திரை அடிக்கிறவருக்கும் போகும்.

“இல்லடா” என்றாள். “சுரண்டி எடுத்துட்டாங்க.”

“உன்னோடதும்?”

“என்னோடதும்.”

அப்பா என் பக்கம் திரும்பினார். “நீயும் போனியே. பாத்தியா?”

“வெறும் கல்லுதான்பா இருந்துச்சு” என்றேன்.

அவர் சோற்றைத் தட்டில் ஒரு பக்கமாக ஒதுக்கினார். அப்புறம், “போகட்டும். வீடு கெடைச்சுதுல்ல” என்று சொல்லிச் சாப்பிட ஆரம்பித்தார். பாதியில் மறுபடி நிமிர்ந்தார்.

“எனக்கு மூணு கோடா, நாலு கோடாக்கா?”

“யாருக்குடா ஞாபகம் இருக்கு?” என்று அத்தை எழுந்து, அவர் கேட்காமலேயே இன்னொரு கரண்டி சோற்றை அவர் தட்டில் போட்டாள்.